மணியடித்தால் எழுந்து போகிறவள்

மூன்றாவது ஞாயிறாக அதே பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை டிவியில் போட்டேன். கொலை செய்தது யாரென்று இன்னும் தெரிந்தபாடில்லை. அதில் மருத்துவர் மணியடித்தால், அவர் வசியத்தில் இருக்கும் பெண் கண் திறந்தபடியே எழுந்து, ஏவிய வேலைக்குப் போய்விடுகிறாள். "ஒரு மணிச் சத்தத்துக்கு இன்னாத்துக்கு எழுந்து போறா? சுத்தப் பைத்தியம்" என்று மனைவியிடம் கடுகடுத்தேன்.

அந்நேரம் என் போன் அடித்தது. த்ரீ பேஸ் கரண்ட் வந்தால் கச்சிராயபாளையத்துக் கரும்புக் கொல்லை மோட்டாரில் சிம் போட்டு மாட்டிய ஸ்டார்ட்டர் இப்படித்தான் போனில் கூப்பிடும்.

தண்ணீருக்கு மடை மாற்றிவிட்டுச் சேற்றுக் காலோடு திரும்பி வந்தால் படம் முடிந்திருந்தது. "படத்த நிறுத்தி வெக்கக் கூடாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நிறுத்திட்டுதான் ரெண்டு வாட்டி கூப்ட்டேன்" என்றாள். "நீங்க திரும்பிக்கூட பாக்காம போய்க்கினே இருந்தீங்க."