முகம் வராத படம்

காஞ்சிபுரத்தில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தாலி கட்டுவதைக்கூடத் தவறவிடலாம். மாப்பிள்ளையின் பெரியம்மாவைத் தவறவிட்டால் தொலைந்தோம். பேரன் பேத்தி எடுக்கும் வரை அந்தம்மா சொல்லிக்காட்டுவார். மண்டபங்களில் மைக் செட் போடுகிறவன் நான். வீடியோக்காரர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுகுமாரி ஒருத்திதான் இதுவரை யாரிடமும் பேச்சு வாங்கியதில்லை. பந்தியில் கடைசி இலைக்காரர் வரை அவள் கேமராவில் இருப்பார்.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் சமணக் குடும்பத்துப் பெண். வேலை இழுத்துக்கொண்டால் பட்டினியாகவே வரவேற்பு முழுக்க நின்று எடுப்பாள். அதற்காக முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் அவளுக்கு ஓர் ஆசை வந்தது. கலை, பண்பாடு பற்றிய குறும் ஆவணப்படங்களுக்கு வெளிநாட்டில் ஒரு போட்டி. பல நாட்டுக்காரர்களும் கலந்துகொள்வார்கள். அவள் படமெடுத்தது, கருட சேவையில் பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளை. வைகாசி வெயிலில் அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே தெருத்தெருவாக எடுத்தாள்.

அவர்கள் குழுவுக்குத் தலைவர் துரைக்கண்ணு. "எல்லார் மூஞ்சியும் வரும் இல்லமா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் வுடாம வரும்ணா," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அங்கேதான் வினை. படம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்பது போட்டியின் விதி. எல்லா முகங்களையும் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு வந்தது. யாரை வெட்டுவது?

"ஒரு மூஞ்சி வந்து இன்னொண்ணு வரலன்னாதான்ணா சண்டை. யாருதும் வேணாம்," என்றாள் என்னிடம். முகங்களையெல்லாம் நீக்கிவிட்டு, வாகனத் தண்டு அழுந்தும் தோள்களை மட்டும் வைத்து அனுப்பினாள்.

படம் இறுதிச் சுற்றுக்குப் போனது. முகங்களைக் காட்ட மறுத்தது பெரிய கலைத் துணிச்சல் என்று நடுவர்கள் எழுதினார்களாம். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. துணிச்சலாவது! கல்யாண வீடியோக்காரியின் பயம் அது. ஆனால் அந்தப் பயத்தில் ஒரு நேர்மை இருந்தது. மனிதர்களில் ஒருவரைத் தூக்கி ஒருவரைத் தாழ்த்த அவளுக்குக் கை வராது. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

பரிசு வேறு யாருக்கோ போனது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. துரைக்கண்ணு படத்தைப் போட்டுக் காட்டச் சொன்னதும்தான் ஆடிப்போனாள்.

"வாக்கு குடுத்துட்டு ஏமாத்திட்டேனேண்ணா. அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடச் சொன்னேன். கேட்கவில்லை. அத்தனை பேரையும் குடும்பத்தோடு நான் மைக் செட் போடும் மண்டபத்துக்கு அழைத்துவிட்டாள்.

படம் ஓடத் தொடங்கியது. கருத்த தோள்கள், காய்ப்பேறிய தோள்கள், வேர்வையில் திருமண் கரைந்து வழியும் தோள்கள். வந்திருந்த பெண்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். சுகுமாரி சுவரோரம் நின்று துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

துரைக்கண்ணுவின் மனைவி கிருஷ்ணவேணி சட்டென்று எழுந்தார். "யோவ், இது உன் தோளுய்யா!"

"எல்லாம் ஒரே மாதிரிதான இருக்குது. உனக்கு எப்படித் தெரியும்?"

"வருஷா வருஷம் சாமி தூக்கிட்டு வந்து குப்புறப் படுத்துக்கினு, தைலம் தேயி தைலம் தேயின்னு என் உயிர வாங்குறியே. தேய்க்கிறவளுக்குத் தெரியாதா?"

மண்டபமே சிரித்தது. சிரிப்பு ஓய்வதற்குள் பின்வரிசையிலிருந்து, "அடுத்தது எங்க வூட்டுக்காரரு!" என்று ஒரு குரல். பிறகு இன்னொன்று. ஓர் அம்மா மகனின் தோளைக் கண்டுகொண்டு கை தட்டினார். ஆண்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். திரையில் வந்த ஒரு தோள்கூட அடையாளம் தெரியாமல் போகவில்லை.

"இன்னொரு வாட்டி போடுமா," என்றார் துரைக்கண்ணு.

நான்தான் போட்டேன். சுகுமாரி தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள்.