தாலிக்கொடியில் ஒரு பெட்டகச் சாவி

ஐம்பது வயதில் எனக்குத் துப்பாக்கிப் பைத்தியம் பிடித்தது. அலுவலகத்தில் ஒருநாள் எல்லோரையும் சிட்னிக்கு வெளியே ஒரு சுடுதளத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு களிமண் தட்டு வானத்தில் பறந்தது. நான் சுட்டேன், அது பொடிப்பொடியாகிவிட்டது. என் மேலதிகாரி சுட்ட ஐந்து தட்டுகளும் பத்திரமாகத் தரையிறங்கின. அந்தச் சந்தோஷம் எனக்கு இன்னும் குறையவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் போனேன். அங்கே இரவல் தரும் துப்பாக்கி என் குட்டைக் கைக்கு ரொம்ப நீளம். வீடு திரும்பும்போது தோள்பட்டை கத்தரிக்காய் நிறத்தில் கன்றியிருக்கும். உரிமம் எடுத்து, என் அளவுக்கு ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் மதுரைக்காரி. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர், பத்தொன்பது வயதில் சண்டைக்குத் தப்பி வந்தவர். இன்றைக்கும் புத்தாண்டு வாணவேடிக்கையை டிவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுத்தான் பார்ப்பார். சிட்னியின் கிரவீன் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டில் சமையல் அவருடையது. நான் விஷயத்தைச் சொன்னபோது குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றுவிட்டது.

"இந்த வீட்டுக்குள்ள துவக்கு வந்தால் நான் தங்கச்சி வீட்டை போயிடுவன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"துப்பாக்கியப் பூட்டி வைக்க ஒரு இரும்புப் பெட்டகம் வைக்கணும், அதைப் பாக்க ஒரு போலீஸ்காரர் வருவாரு. உங்ககிட்டயும் கேப்பாரு. நீங்க வேணாம்னு சொன்னா நான் விட்டுர்றேங்க."

"நான் உண்மையைத்தான் சொல்லுவன்" என்றார். வீறாப்பாகப் பேசிவிட்டேன். ஆனால் எனக்கு அந்தத் தட்டுகளும் வேண்டும், இந்த மனுஷனும் வேண்டும்.

பெட்டகத்தைச் சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியாயிற்று. சாவிதான் சிக்கல். உரிமம் இருப்பவர் தவிர வேறு யார் கையிலும் அது சிக்கக்கூடாது என்பது சட்டம், கட்டிய கணவனாக இருந்தாலும். ஆனால் அரிசி டப்பா, உளுந்து டப்பா எல்லாம் அவர் ஆட்சி. என் புடவைகளை மடித்து அடுக்குவதும் அவர்தான். இருபது வருடமாக வீட்டு வேலையை ஏய்த்ததற்கு அன்றுதான் முதல்முறையாக வருத்தப்பட்டேன். கடைசியில் தாலிக்கொடியில், இரண்டு ஊக்குகளுக்கு நடுவில் சாவியைக் கோத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை போலீஸ்காரர் வந்தார். இளவயசுக்காரர். பெட்டகத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. சாவி எங்கே என்று கேட்டார். நான் கொடியை வெளியே இழுத்தேன். தாலி, ஊக்கு, சாவி எல்லாம் கும்பலாக வந்தன. அவர் முகம் சிவந்து வேறு பக்கம் பார்த்தார்.

"இதை நான் கழற்றுவதே இல்லை" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார். "வீட்டில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஏதாவது கவலை உண்டா?"

கணவர் என்னைக் கை காட்டினார்.

"இவள் என்ன காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறாள்?" என்று கேட்டார்.

"விளையாட்டு."

"எங்களைப் பாதுகாக்க என்று எழுதியிருந்தால்?"

"உரிமம் கிடைத்திருக்காது. இங்கே அதெல்லாம் ஒரு காரணமே இல்லை, சார்."

கணவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தே போனேன். பார்த்தால் சிரிப்பு. கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்:

"எங்கட ஊரில துவக்கோட வந்த எல்லாரும் உங்களைப் பாதுகாக்கத்தான் எண்டுதான் சொன்னவை. விளையாட எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல."

போலீஸ்காரரிடம் தனக்குக் கவலை இல்லை என்றார். அதோடு விட்டாரா? ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவந்து, ஒன்று போதும் என்றவரை மூன்று சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்.

சில வாரங்கள் கழித்து என் சொந்தத் துப்பாக்கியோடு சுடுதளத்துக்குப் போனேன். அவரும் வந்தார், மடக்குக் கதிரையோடு. காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு ரொம்பத் தள்ளி உட்கார்ந்தார். முதல் வெடிக்கு அவர் உடம்பு தூக்கிப்போட்டதைப் பார்த்தேன். எனக்கு மனசு கேட்கவில்லை, போதும் என்று துப்பாக்கியை இறக்கினேன். அவர் கையை ஆட்டி, சுடு சுடு என்றார்.

சுட்டேன். தட்டு உடைந்த ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்தபடியே கைதட்டினார். அன்று என் கைக்கு எல்லாம் வசப்பட்டது. கடைசித் தட்டு மட்டும் தவறிவிட்டது. அது முழுசாகப் பறந்துபோய்த் தூரத்துப் புல்லில் இறங்கியது. பக்கத்தில் நின்றவர்கள் அடடா என்றார்கள். என் கணவர் கதிரையை விட்டு எழுந்து நின்று, அத்தனைக்கும் மேலாகக் கைதட்டினார்.

துப்பாக்கியை வைத்துவிட்டு அவரிடம் போனேன். "ஏங்க, அது தவறிருச்சுங்க."

"ஓம், பார்த்தனான்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "ஒண்டு தப்பிட்டுது."