தூங்குமூஞ்சிக் கன்றுகளின் பெயர்ப்பலகை

இருங்காட்டுக்கோட்டையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் கிரேசிக்கு, விதையிலிருந்து மரம் வளர்ப்பதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. செல்போனில் வீடியோ பார்த்து, தவறு செய்து, தவறைக் குறித்துவைத்து, மறுபடி செய்து கற்றவள் அவள். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் இடத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் உண்டு. ரோஜா நிறத்தில் பஞ்சுபோலப் பூத்து, கருப்பாகக் காய்த்துக் கொட்டும். அந்தக் காய்களைப் பொறுக்கி வந்ததுதான் ஆரம்பம்.

விதையின் தோல் கெட்டி, வெந்நீரில் போடவேண்டும் என்று கேள்விப்பட்டு, முதல் தடவை அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டாள். கணவன் சாம்ராஜ் மூடியைத் திறந்து பார்த்தான்.

"இன்னா கிரேசி, சுண்டலா? தேங்கா போடலியா?"

"வாயை மூடிக்கினு போங்க. வெதை அது."

"வெதையா? வெந்தே பூட்ச்சி!"

ஒன்றும் முளைக்கவில்லை. அடுத்த முறை ஒவ்வொரு விதையின் ஓரத்திலும் நகவெட்டியால் சிறு கீறல் போட்டு, பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தாள். உப்பிய விதைகள் பால் பாக்கெட் உறைகளில் முளைத்தன. பெரிய பைகளுக்கு மாறி, மொட்டைமாடியில் இடுப்பளவு வளர்ந்து நின்றன. வேர்கள் பையைக் கிழித்து எட்டிப்பார்த்த சமயத்தில்தான் வீட்டுக்காரம்மா சுந்தராம்பாள் மேலே ஏறி வந்தாள்.

"இந்தாம்மா கிரேசி, மேல ரூம் கட்டப் போறோம். கம்பெனிப் பசங்க கேட்டுக்கினே கீறாங்க. ஞாயித்துக்கெழமை மேஸ்திரி வர்றாரு. அதுக்குள்ள உன் காட்டைக் கீழ எறக்கிடு. அவரு வாரிப் போட்டுட்டா அப்பால என்னைக் கேக்காத."

கன்றுகளுக்கு நிலம் வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். அந்த வாரம் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில், வளாகத்தைப் பசுமையாக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். மனிதவளப் பிரிவு அதிகாரி செந்தமிழனைப் போய்ப் பார்த்தாள். இலவசமாகத் தருவதாகச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"சூப்பர் மேடம். மரத்தோட பேரு? கேட்டாண்ட போர்டு வைக்கணும்."

"தூங்குமூஞ்சி சார்."

மலர்ந்த முகம் சுருங்கியது. "நைட் ஷிப்ட் ஆளுங்க உள்ள வரும்போதே தூங்குமூஞ்சின்னு போர்டு பார்த்தா இன்னா நெனைப்பாங்க? வேற பேரு இல்லியா?"

"அதான் சார் அது பேரு. பொழுது சாஞ்சா இலை மூடிக்கும், விடிஞ்சா தொறந்துக்கும்."

"பழசை மனசுல வெச்சுக்கினு குத்திக் காட்டறீங்கன்னு மேலிடத்துல நெனைப்பாங்க மேடம்."

பழசு என்று அவர் சொன்னது ஒரு மெமோவை. பாகங்களைப் பூட்டும் லைனில் தவறி விழுந்த திருகாணியைக் குனிந்து தேடிக்கொண்டிருந்தவளை, வேலை நேரத்தில் தூங்கினாள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் திரும்பத் திரும்ப எழுத்தில் விளக்கம் கொடுத்தாள்; எதற்கும் பதில் இல்லை. நகல்கள் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. 'தூங்குமூஞ்சி கிரேசி' என்ற பட்டம் மட்டும் லைன் முழுக்கச் சுற்றியது. அதற்காக மரத்தின் பெயரை அவள் எங்கே கொண்டுபோய் ஒளிப்பாள்?

வீட்டில் சாம்ராஜ் வழி சொன்னான். "ரெயின் ட்ரீன்னு எழுதிக் குடு. இங்கிலீஷ்ல சொன்னா தூங்குனாலும் கௌரவம்."

பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே எழுதிக் கொடுத்தாள். வியாழக்கிழமை மதியம் கேட்டின் இருபுறமும் கன்றுகள் நடப்பட்டன. செந்தமிழன் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கிரேசி பஸ்ஸைவிட்டு இறங்கியபோது குழிகள் காலியாக இருந்தன. கன்றுகள் மதில் ஓரத்தில் குவிந்து கிடந்தன. செக்யூரிட்டி தாண்டவராயன் கையில் இன்னும் மண்.

"இன்னாண்ணே இது?"

"நேத்து வூட்டுக்குப் போறச்சே பெரிய சார் பார்த்தாரும்மா. இலையெல்லாம் மூடிக்கினு தொங்குது, செத்த செடியை எவன் நட்டான், காலையில புடுங்கிப் போடுன்னாரு."

"காலையில விரிஞ்சிருக்குமே?"

"ஜோரா விரிஞ்சிக்கினுதான் இருந்துது. ஆர்டர் ஆர்டர்தானம்மா?"

அவள் நேராகச் செந்தமிழனிடம் போனாள்.

"செடி வாடிப்போச்சாமே மேடம்."

"வாடல சார். தூங்கிச்சு."

"தூங்கும்னு நீங்க தெளிவா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன் சார். பேரையே சொன்னேன். நீங்கதான் வேணாம்னீங்க."

அவர் மேஜைக் காலண்டரைத் திருப்பினார். பிறகு, மறுபடி நட மேலிடத்து அனுமதி வேண்டும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார்.

"வேர் திங்கக்கெழமை வரைக்கும் தாங்காது. நீங்க எடுத்த போட்டோ எங்க சார்?"

"ஹெட் ஆபீஸுக்கு அனுப்பியாச்சு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. போட்டோவில் கன்று இருக்கிறது; மண்ணில் இல்லை. எழுந்து வாசலுக்கு ஓடினார். தாண்டவராயன் முணுமுணுத்துக்கொண்டே குழிகளை மறுபடி தோண்டினார். கிரேசி கிழிந்த வேர்களைக் கத்தரித்து நட்டு, தண்ணீர் ஊற்றினாள். 'தூங்குமூஞ்சி' என்று போர்டு வைத்தால்தான் அங்கிருந்து நகர்வேன் என்று நின்றாள். வைத்தார்கள், சின்ன எழுத்தில்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை பெரும்பாலான கன்றுகள் இலை விரித்திருந்தன. கேட்டை ஒட்டிய இரண்டு மட்டும் விரிக்கவில்லை. செந்தமிழன் அவற்றின் அருகே குரலைத் தாழ்த்தி நின்றார்.

"இதுங்க இன்னும் தூங்குது மேடம்."

கிரேசி குனிந்து ஒரு தண்டை நகத்தால் கீறினாள். உள்ளே பச்சை இல்லை.

"இதுங்க செத்துப்போச்சு சார்" என்றாள்.