பதிவேட்டில் ஏறிய செருப்புப் பெட்டிகள்

செருப்புக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்குவதற்குள் ஜான்சி டீச்சர் குனிந்து உள்ளே தலையை நீட்டிவிடுவார். சனிக்கிழமை காலையில் சிதம்பரம் தெற்கு வீதியில் இது வாடிக்கை.

“டீச்சரம்மா, நா இன்னும் ஊதுவத்திகூட கொளுத்தல. டப்பா எங்க ஓடிடப் போவுது?”

“அது ஓடாது. நீங்கதான் மிதிச்சி நசுக்கி வெளிய போட்டுடுவீங்க. மூடி கிழிஞ்சிதுன்னா எனக்குப் பிரயோஜனப்படாது.”

இரண்டு பெட்டி கிடைத்துவிட்டால் முகத்தில் ஒரு களை வந்துவிடும். கிடைக்காவிட்டால் மருந்துக் கடை, அங்கேயும் கையை விரித்தால் பேனர் அடிக்கும் கடை. மஞ்சள் நீராட்டு விழா, கல்யாணம் முடிந்து அவிழ்த்த பேனரை அங்கே அவருக்கென்று சுருட்டி வைத்திருப்பார்கள். முன்பக்கம் யார் சிரித்தால் டீச்சருக்கு என்ன? பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும். அப்படி ஒரு மணமக்களின் முதுகில்தான் கடலூர் மாவட்டம் முழுவதும் இருக்கிறது. பெண்ணையாறு, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் நாலையும் நீலப் பெயின்டில் இழுத்து, தரையில் விரித்து, பிள்ளைகளை அதன்மேல் நடக்க விடுவார். “வடலூர்லேர்ந்து ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போ. எந்த ஆத்துல கால் நனையுது?” என்பார். நனைந்த காலை ஒரு பையன் உதறிக்கூட காட்டியிருக்கிறான்.

டீச்சருக்கு ஐம்பது வயது. குள்ளம். தோளில் இரண்டு பை. ஒன்றில் சோறு, இன்னொன்றை அவர் கணவர் அன்பரசு ‘குப்பைப் பை’ என்று சொல்வார். கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் அன்பரசுவுக்குப் பொருள்கள் அடுக்கில் இருந்தாக வேண்டும். வீட்டிலோ சோடா மூடி, ஐஸ் குச்சி, கல்யாணப் பத்திரிகை, பழைய தையல் அளவு நாடா, சாமியார்பேட்டைக் கடற்கரைக் கிளிஞ்சல் என்று கட்டிலுக்கு அடியில் கால் நீட்ட இடமில்லை. “நம்ம வூட்டுக்குத் திருடன் வந்தா, ஏற்கனவே ஒருத்தன் வந்து கலைச்சிட்டுப் போயிட்டான்னு திரும்பிப் போயிடுவான்” என்று சொல்லிக்கொண்டே அவரும் உட்கார்ந்து அட்டை வெட்டிக் கொடுப்பார்.

இந்தக் குப்பையெல்லாம் கடைசியில் செருப்புப் பெட்டிக்குள் போகும். ஒரு பாடத்துக்கு ஒரு பெட்டி. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில், ‘மூன்றாம் வகுப்பு, அளவைகள்’, ‘நான்காம் வகுப்பு, பின்னம்’, ‘ஐந்தாம் வகுப்பு, விதை பரவுதல்’. விதைப் பெட்டியைத் திறந்தால் எருக்கம் பஞ்சு பறந்து யார் தலையிலாவது உட்காரும். யார் தலையில் உட்கார்ந்ததோ அவர்தான் பாடத்தை ஆரம்பிக்க வேண்டும். புதுச்சத்திரத்துக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் வரும் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், எட்டு வருஷத்தில் இப்படி அறுபத்து நாலு பெட்டிகள் சேர்ந்தன.

எல்லாமே பலித்துவிடவில்லை. வந்த புதிதில், எண்ணிப் பழகட்டும் என்று பச்சை முந்திரிக்கொட்டையைக் கொட்டிக் கொடுத்துவிட்டார். நாலைந்து பிள்ளைகள் கடித்துப் பார்த்தார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு உதடு வெந்து, மறுநாள் தாய்மார்கள் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றார்கள். முந்திரிக்கொட்டை உடைத்துக் கை கறுத்த இருசம்மாள்தான் அவர்களை அடக்கினாள். “டவுன் டீச்சரு, தெரியாம குடுத்துட்டாங்க. வாய்ல வைக்காதன்னு நாமதான் சொல்லி வளர்க்கணும்.” அன்றிலிருந்து புளியங்கொட்டை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பாடக்குறிப்பு எழுதும் நேரம். ‘துணைக்கருவிகள்’ என்ற கட்டத்தில் மற்ற ஆசிரியர்கள் ‘கரும்பலகை, பாடநூல்’ என்று எழுதி முடித்துக்கொள்வார்கள். ஜான்சி டீச்சரின் கட்டத்தில் முறம், உளுந்து, கோழி இறகு, ஈரத்துணி என்று மளிகைச் சீட்டைப்போல் இறங்கும். தலைமை ஆசிரியர் கலியமூர்த்தி படிக்காமலே கையெழுத்துப் போடும் நல்ல மனுஷன். ஒரே ஒரு தடவை கண் தவறிப் படித்துவிட்டார்.

“கோழி எறகு எதுக்கு டீச்சர்?”

“காத்துக்கு சார். காத்துன்னு போர்டுல எழுதினா காத்து வருமா?”

அரசாங்கம் செயல்வழிக் கற்றலுக்கு வண்ண வண்ணமாய் அட்டைகள் அனுப்பியபோது, இனிமேல் பெட்டி எதற்கு என்று கேட்டார்கள். டீச்சர் அட்டைகளையும் விடவில்லை. “அட்ட நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல ஆட்டுப் படம்தான் இருக்கு, ஆட்டு ரோமம் இல்ல” என்று சொல்லி ரோமத்தைப் பெட்டியில் போட்டார்.

இருசம்மாளின் மகள் கயல்விழி நாலாம் வகுப்பு. இரண்டு வருஷம் வகுப்பில் வாயே திறக்காத பெண். பெயர் கூப்பிட்டால்கூடக் கையைத்தான் தூக்குவாள். அவளைப் பேச வைத்தவை பெட்டிகள்தான். கையில் ஒரு பொருள் இருந்தால் பேச்சு வரும். பொருளை வாங்கி வைத்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும். “இவளுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இந்தப் பொட்டிங்க வேணும்” என்று டீச்சர் கணக்குப் போட்டிருந்தார்.

2009இல் பார்வைக்கு வந்த அதிகாரி ஒருவர் பெட்டிகளைத் திறந்து திறந்து பார்த்தார். எருக்கம் பஞ்சு அவர் தலையிலும் உட்கார்ந்தது. மனம் குளிர்ந்து, “இதெல்லாம் பள்ளியோட சொத்துங்க. இருப்புப் பதிவேட்டுல ஏத்திடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து, சிவப்பு மையில் கோடு போட்டு, வரிசை எண் நூற்றுப் பன்னிரண்டு முதல் தன் கையாலேயே ஏற்றினார். அதற்குப் பிறகு சேர்ந்த பெட்டிகளையும் அவ்வப்போது ஏற்றிக்கொண்டு வந்தார். “எழுத்துல ஏறிட்டா யாரும் தூக்கிப் போட முடியாதுல்ல?” தூக்கிப் போட முடியாததைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது என்று அப்போது அவருக்குத் தோன்றவில்லை. பாவம், யாருக்குத்தான் தோன்றும்?

ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூட வேன் வர ஆரம்பித்தது. வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகள் டை கட்டிக்கொண்டு அதில் ஏறின. மிஞ்சியவர்கள் முப்பத்தெட்டு பேர். அதற்கு இரண்டு ஆசிரியர் போதும் என்று கணக்கு. மூன்று பேரில் கடைசியாக வந்தவர் ஜான்சி டீச்சர். 2012 ஜனவரி இரண்டாம் வாரம், பொங்கலுக்கு முன்னால், பணி நிரவல் உத்தரவு வந்தது. அண்ணாகிராமம் பக்கம் ஒரு பள்ளி, ஏப்ரலில் சேர வேண்டும். சிதம்பரத்திலிருந்து மூன்று பஸ் மாற வேண்டும். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை. இனி எந்தச் சாயங்காலத்தில் உட்கார்ந்து அட்டை வெட்டுவது?

கயல்விழிக்கு வேண்டிய ஏழெட்டுப் பெட்டிகளை அவள் வீட்டில் கொடுக்கவும், மற்றவற்றைப் புதுப் பள்ளிக்குக் கொண்டுபோகவும் அனுமதி கேட்டார். கலியமூர்த்தி கையைப் பிசைந்தார்.

“எனக்கு ஆட்சேபணையே இல்ல டீச்சர். ஆனா ரிஜிஸ்டர்ல இருக்கே. நீங்கதான எழுதினீங்க? மே மாசம் எனக்கு ரிட்டையர்மென்ட். அறுபத்து நாலு ஐட்டம் கொறைஞ்சிதுன்னா நா என்னா பதில் சொல்ல?”

அப்போதுதான் புயல் கைகொடுப்பதுபோல் வந்து நின்றது. டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயலில் பள்ளிக்கூடத்து ஓடெல்லாம் பறந்திருந்தது. டீச்சர் தன் வீட்டுக் கூரையைக்கூடப் பார்க்காமல் ஓடிவந்து பெட்டிகளைத்தான் வெயிலில் காயவைத்தார். நாலு பெட்டி மட்டும் கூழாகிப் போயிருந்தது. புயலில் சேதமான பொருள்களின் பட்டியலை உடனே அனுப்பச் சொல்லி ஒன்றியத்திலிருந்து கேட்டார்கள். டீச்சருக்குப் பொறி தட்டியது. பட்டியலில் எழுதிவிட்டால் பதிவேட்டிலிருந்து இறங்கிவிடும்; இறங்கிவிட்டால் யாருடைய சொத்தும் இல்லை, எடுத்துக்கொண்டு போகலாம். கலியமூர்த்திக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. “எழுதிடுங்க டீச்சர், நா கையெழுத்துப் போடறேன்.” நன்றாக இருந்த அறுபதுக்கும் சேர்த்து, ‘பழுது, உபயோகிக்க இயலாது’ என்று அறுபத்து நாலு தடவை எழுதினார். எழுதும்போது கை கூசியது என்று அன்பரசுவிடம் சொன்னார்.

மார்ச்சில் பதில் வந்தது. பழுதான பொருள்களைப் பொறுப்பாசிரியரும் தலைமை ஆசிரியரும் முன்நின்று எரித்து, எரியும்போது எடுத்த புகைப்படத்தோடு சான்று அனுப்ப வேண்டுமாம். டீச்சர் அந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

“ஒரு பத்துப் பொட்டிய மட்டும் எடுத்துக்கறேன் சார். அந்தப் பொண்ணுக்காவது.”

“போட்டோ கேக்கறாங்களே டீச்சர். நாளைக்கி எவனாச்சும் அந்தப் பொட்டிய பார்த்துட்டு, நல்ல பொருள பழுதுன்னு எழுதி எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு மொட்ட மனு போட்டா? உங்க வேலையும் போவும், என் பென்ஷனும் போவும்.”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பொய் பட்டியலில் இருந்தது, டீச்சரின் கையெழுத்திலேயே.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை மதியம், சாப்பாட்டு மணி அடித்து முடிந்தபின், பள்ளிக்குப் பின்னால் இடம் பார்த்தார்கள். சத்துணவு சமைக்கும் தில்லையம்மாள் மண்ணெண்ணெய் கேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டு நகரவில்லை.

“நல்லாத்தான சார் இருக்கு? இத்த கொளுத்த எப்டி மனசு வருது உங்களுக்கு?”

“எனக்கு மட்டும் வயிறு எரியலயா ஆயா?” என்ற கலியமூர்த்தி, செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தது பிள்ளைகள்தான். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. பெட்டி வெளியே போவதைப் பார்த்ததும், இன்று பாடம் வெளியே என்று நினைத்து ஆளுக்கொன்றாய் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அடுக்கி வைத்துவிட்டு, அதைச் சுற்றி வட்டமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். கயல்விழி முன்னால் இடம் பிடித்துக்கொண்டாள்.

“எந்தப் பொட்டி டீச்சர் மொதல்ல?”

டீச்சர் வகுப்பறைப் பக்கம் பார்த்தார். உள்ளே போங்கள் என்று சொல்லலாம். வகுப்பறைக்கு இன்னும் ஓடு போடவில்லை, மார்ச் வெயில் நேரே தரையில் இறங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் அந்தப் பக்கமா தள்ளிப் போயி, முதுகக் காட்டி ஒக்காருங்க. கண்ண மூடிக்குங்க.”

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடிப் போய்த் திரும்பி உட்கார்ந்தார்கள். அவர்களுக்குப் பிடித்த பாடம் அது. பின்னால் நின்று டீச்சர் ஏதாவது சத்தம் எழுப்புவார். என்ன பொருள் என்று சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு தலைகளும் ஒரு பக்கமாகச் சாய்ந்து காதைத் தீட்டின.

கலியமூர்த்தி ஒரு கையால் செல்போனைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் தீப்பெட்டியை நீட்டினார். டீச்சர் வாங்கி, குச்சியை எடுத்து உரசினார்.

“தீப்பொட்டி டீச்சர்!” எல்லாருக்கும் முந்திக்கொண்டு கத்தினாள் கயல்விழி, மூடிய கண்ணைத் திறக்காமல்.

“கரெக்ட்டு கண்ணு” என்று சொல்லிவிட்டு, டீச்சர் குனிந்து நெருப்பை வைத்தார்.