கறுப்பு அச்சில் ஒன்றான இரு காடுகள்

ஆய்வேடுகளை வடிவமைக்கும் அன்பர் எவரும் இத்தவற்றைச் செய்துவிடலாகாது என்பதால் இதனை எழுதுகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின் ஆய்வேடுகளை அச்சுக்கும் திரைக்கும் ஏற்ப வடிவமைத்துத் தருகிறேன். தம் மலையூரான கூக்காலின் காடுகளை ஆய்ந்தவர் செல்வி என்னும் மாணவி. அவருடைய வரைபடத்தில் மலையின் இயற்கைக் காடான சோலைக்காட்டைப் பச்சையாலும், அதனை விழுங்கிவரும் தைலமரக் காட்டைச் சிவப்பாலும் காட்டினேன். திரையில் அது தெளிவாகவே இருந்தது.

மறுநாள் ஆய்வேட்டை ஒப்படைத்தாக வேண்டும். நாயுடுபுரத்து அச்சகத்தில், தாள்களைப் புரட்டிய செல்வி திகைத்து நின்றார். கறுப்பு வெள்ளை அச்சில் இரு நிறங்களும் ஒரே சாம்பலாகியிருந்தன.

"ஐயா, சோலையும் தைலமரமும் ஒண்ணாக் கெடக்குங்களே. ரெண்டும் வேற வேறன்னு காட்டத்தானே இம்புட்டுப் பக்கம் எழுதுனேன்?"

"காட்டுல மேகம் எறங்கிருச்சும்மா," என்றார் அச்சக உரிமையாளரான பாய். "ஐயா, வெரசா வெலக்கி விடுங்க. பைண்டிங்க நிறுத்தி வைக்கிறேன்."

அங்கிருந்த கணினியிலேயே சோலைக்குப் புள்ளிகளும் தைலமரத்துக்குச் சாய்கோடுகளும் இட்டேன். நிறங்களைத் திரைக்காக அப்படியே விட்டுவைத்தேன். புதிய தாளைச் செல்வி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்பத்தாங்க எங்க ஊரு தெரியுது," என்றார்.

இப்போதெல்லாம் எந்தப் படத்தையும் முதலில் கறுப்பில் அச்சிட்டுப் பார்த்த பிறகே நிறம் தீட்டுகிறேன். இம்முறையில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்தியருள வேண்டுகிறேன்.