தாய்மண் திரும்பிய தலைமகன்

அமீரகத்துப் புஜைராவில் கடலைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கிறிஸ்துதாஸ் என்று ஒரு மனிதர் ஒளிந்து வாழ்கிறார். கொலைக் குற்றவாளி இல்லை. யாரையும் ஏமாற்றிவிட்டு ஓடி வந்தவர் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். பணி ஓய்வு பெற்றவர், அவ்வளவுதான். ஓய்வு பெற்றவர்களுக்கென்று அமீரகத்தில் கொடுக்கும் விசாவை முறையாக எடுத்து, மனைவி தங்கபுஷ்பத்தோடு, ஏசியைப் போட்டுக்கொண்டு ஒளிந்து வாழ்கிறார்.

எல்லாம் அவருடைய வாயால் வந்த வினை. குவைத்தில், நம் ஆட்கள் தடுக்கி விழுந்தால் ஒருவர் மேல் ஒருவர் விழும் அப்பாசியாவில், ஆயுளில் பாதியை ஓட்டினார். வேலை ஒரு கம்பெனியில் ஸ்டோர் இன்சார்ஜ். ஆனால் அது சோற்றுக்கு. பெருமைக்கு, குமரி மாவட்டக் கடற்கரைக்காரர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தேர்தல் என்று ஒன்று நடந்ததாக யாருக்கும் நினைவில்லை. வேலை முடிந்து ஊருக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சங்கம் வழியனுப்பு விழா வைக்கும். ஒரு ஹால், பொன்னாடை, கண்ணாடியில் ஒரு ஷீல்டு, கடைசியில் பிரியாணி. எத்தனையோ பேரை அவர் பொன்னாடை போர்த்தி, கண் கலங்கி, விமானம் ஏற்றியிருக்கிறார். தன்னுடைய முறை வந்தபோது சும்மா விடுவாரா?

"மக்களே, இந்த மணல் நம்ம மணல் இல்ல!" என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். "உடம்புல தெம்பு இருக்கும்போதே தாய்மண்ணுக்குத் திரும்பிருங்க. சாவு வந்தா அந்தக் கடக்காத்துல வரட்டும். இனி ஒரு நாளு கூட இந்த ஏசிக் காத்து எனக்கு வேண்டாம்!"

ஹாலே அழுதது. பிரியாணி ஆறியதைக்கூட ஒருவரும் கவனிக்கவில்லை. 'தாய்மண் திரும்பிய தலைமகன்' என்று பொன்னெழுத்தில் பொறித்த ஷீல்டைக் கையில் கொடுத்தார்கள். அம்மிக்கல் கனம். விமான நிலையத்தில் பெட்டி எடை கூடிப்போனதால் தலைமகன் அதைத் வழியனுப்ப வந்த பிரைட்டின் கையில் திணித்துவிட்டுப் போனார். பிரைட் ஏசி டெக்னீஷியன், தூத்தூர் பக்கத்துக்காரன், சங்கத்தின் பொருளாளர். அண்ணாச்சி ஒரு சொல் சொன்னால் அதற்கு மேல் யோசிக்கத் தெரியாதவன்.

ஷீல்டு போன கதை இது. அண்ணாச்சி போன கதை வேறு. அவர் ஏறிய விமானம் திருவனந்தபுரம் போகவில்லை, துபாய் போனது. மகள் ஜோஸ்மி புஜைராவில் நர்ஸ். அவள் மூலமாக விசாவும் வீடும் விழாவுக்கு முன்பே தயாராகிவிட்டன. குளச்சல் தாண்டி இருக்கிற சொந்த ஊரில் அவருக்குப் பெரிய வீடு உண்டு, ஆள்தான் கிடையாது. அங்கே போனால் தம்பிமார்கள் எல்லைக்கல் பிரச்சினையை எடுப்பார்கள், கோயில் கமிட்டி வாசலில் வந்து நிற்கும், கரண்டு போனால் போனதுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஊரில் அவரைத் தலைவரே என்று கூப்பிட ஒரு குஞ்சு கிடையாது. "லேய் தாசு" என்பார்கள். அதை நினைத்துத்தான் டிக்கெட்டைத் துபாய்க்குப் போட்டார்.

சரி, 'மகளோடு இருக்கப் போகிறேன்' என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே. எந்த மடையனும் அதைத்தான் செய்வான். ஆனால் அதைச் சொன்னால் அந்தப் பேச்சைப் பேச முடியாது, பாருங்கள். பேச்சுக்காக உண்மையை விட்டார் மனுஷன்.

புஜைரா வாழ்க்கை தங்கபுஷ்பத்துக்கு ஒரே வாரத்தில் பிடித்துப்போயிற்று. குவைத்தில் காலமெல்லாம் நைட் டூட்டி பார்த்த நர்ஸ் அவள். இப்போது காலையில் பக்கத்து வீட்டுப் பிலிப்பினோப் பெண்களோடு சுடிதாரோடேயே கடலில் இறங்கி, மல்லாந்து மிதக்கிறாள். படகு கரையேறும் இடத்துக்கே போய், மீன்காரப் பையன்களிடம் அரபியும் இந்தியும் கலந்து சண்டை பிடித்து நெய்மீன் வாங்குகிறாள். கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவருக்கு பிரஷர் பார்க்கிறாள். எந்த ஊர், எங்கே இருந்தீர்கள் என்று யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்கிறாள். அவளுக்கு என்ன பயம்?

அவர் பாடுதான் திண்டாட்டம். ஓய்வு வாழ்க்கை என்றால் அரைக்கால் டவுசர் போடவேண்டும் என்று மருமகன் வாங்கிக் கொடுத்தான். அதைப் போட்டுக்கொண்டு, மேலே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும், பையில் பேனாவுமாகக் கடற்கரையில் மடக்கு நாற்காலியை விரித்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு மணியைப் பார்த்தார். கடலில் கையெழுத்துப் போட ஒன்றும் வரவில்லை. சைக்கிளில் போன வெள்ளைக்காரர் "ஹலோ தாஸ்" என்றார். பேரன் வயதுப் பிள்ளை ஒன்றும் "ஹலோ தாஸ்" என்றது. தலைவருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் திருடன் மாதிரிதான். குமரிக்காரர்கள் எல்லா கோயிலிலும் இருப்பார்களே! கடைசி பெஞ்சில் தொப்பியோடு உட்கார்ந்து, குருவானவர் ஆசி கொடுக்கக் கை தூக்கும்போது இவர் காருக்குள் இருப்பார்.

இருந்தும் அப்பாசியாவை விட முடியவில்லை. சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் அவர் இன்னும் தலைவர்தானே. 'அண்ணாச்சி, ஊர் எப்படி இருக்கு?' என்று முதல் வாரமே கேள்வி வந்தது. தலைவர் யோசித்தார். கடல் கடல்தானே, அதில் ஊர் பேரா எழுதி ஒட்டியிருக்கிறது? போனைக் கடல் பக்கம் திருப்பி ஒரு வீடியோ எடுத்து, "நம்ம வீட்டு வாசல்லயிருந்து பாருங்க மக்களே, என்ன காத்து, என்ன சுகம்!" என்று பேசி அனுப்பினார். குழுவில் கைகூப்புகளும் இதயங்களும் குவிந்தன. அதில்தான் ஆள் கெட்டுப்போனார்.

புளுகுக்கும் ஒரு புத்தி வேண்டுமே, அது அவரிடம் தாராளமாக இருந்தது. ஊரில் சூரியன் கடலில் விழும், இங்கே கடலிலிருந்து எழும்பும். அதனால் படப்பிடிப்பெல்லாம் உச்சி வெயிலில்தான். பின்னால் நிற்கும் மொட்டை மலை படத்தில் விழாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார். நங்கூரம் போட்டு நிற்கும் எண்ணெய்க் கப்பல்கள் ஒருமுறை வரிசையாகப் படத்தில் விழுந்துவிட்டன. இவ்வளவு கப்பலா என்று ஒருவன் வாயைப் பிளந்தான். "ஏதோ புதுத் திட்டமாம் மக்கா, நம்ம ஊரு எங்கயோ போயிட்டு" என்று விட்டார் பாருங்கள் ஒரு விடு. அமீரகத்தில் வாட்ஸாப்பில் கால் பேச முடியாது, பதிவு செய்த வீடியோ மட்டும்தான் போகும். அந்தப் பழியையும் ஊர் மேலேயே போட்டார்: "இங்க டவர் சரியில்ல, கால் செய்யாண்டாம்." அப்பாசியாவில் அவருடைய சொந்த ஊர்க்காரன் ஒருவனும் இல்லாதது அவர் செய்த புண்ணியம்.

இப்படியே போயிருந்தால் இது ஒரு கிழவரின் கோமாளித்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். பிரைட் குரல் செய்தி அனுப்பியதோடு சிரிப்பு நின்றது.

"அண்ணாச்சி, உங்க வீடியோவ டெய்லி பாக்கேன். பாத்துட்டு டூட்டிக்குப் போவவே மனசு வரல்ல. எனக்க கான்ட்ராக்ட் புதுக்கணும். வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு ஊருக்கு வந்திரலாமான்னு இருக்கு. வீட்டுக்காரி சம்மதிக்க மாட்டேங்கா. இப்பப் போனா பிறகு திரும்ப விசா கெடைக்காதுங்கா. பிள்ளைய காலேஜில படிக்குதுவ. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணாச்சி. வான்னா வாறேன்."

தங்கபுஷ்பம் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கத்தியோடு வந்து நின்றாள்.

"ஜோஸ்மிக்க அப்பா, போன எடுங்க. உள்ளதச் சொல்லுங்க."

"சொல்லாமலா இருக்கப் போறேன்? பக்குவமாட்டு சொல்லணும்."

"என்ன பக்குவம்? 'நான் புஜைராவுல இருக்கேன், நீ வேலைய விடாத.' இதுல என்ன பக்குவம் வேண்டிக் கெடக்கு?"

"குழுவுல தெரிஞ்சா எனக்க மானம் போவும்டி."

"உங்க மானத்துக்கு அவன் பிள்ளைய பட்டினி கெடக்கணுமா? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

வெட்கமாகத்தான் இருந்தது. அதை மறுக்கக் கூடாது. உண்மையைத் தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், அழித்தார். மூட்டுவலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். அப்போது குழுவில் பிரைட்டே எழுதினான்: 'அண்ணாச்சி பதிலுக்குக் காத்திருக்கிறேன்.' கீழே ஒவ்வொருவராக வந்து, 'தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்' என்று எழுதினார்கள். தலைவர்! எத்தனை மாதம் ஆயிற்று அந்தச் சொல்லைக் கேட்டு! மனுஷன் முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டினார். கடற்கரைக்குப் போனார். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தார்.

"வா மக்கா," என்றார் கடலைப் பார்த்து. "தாய்மண் யாரையும் கைவிடாது."

பாவி. வேறென்ன சொல்ல?

பிறகு பிரைட்டிடமிருந்து சத்தமே இல்லை. மனம் மாறியிருப்பான், பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருப்பான் என்று கிறிஸ்துதாஸ் தன்னைத் தானே தேற்றிக்கொண்டார். தங்கபுஷ்பம் தேறவில்லை. அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டு, கடலில் கூடுதல் நேரம் மிதந்தாள்.

ஒரு மத்தியானம் வழக்கம்போலக் கடலைப் படம் பிடித்து, "நம்ம வாசலு, நம்ம காத்து" என்று குழுவில் போட்டுவிட்டு, வாழைக்காய் பொரியலோடு சாப்பிட உட்கார்ந்தார். அடுத்த வாய்க்குள் பதில் வந்துவிட்டது. பிரைட்டின் குரல். பின்னால் அலைச் சத்தம், காக்கைச் சத்தம்.

"அண்ணாச்சி, நானும் உங்க வாசல்லதான் நிக்கேன். வேலைய வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு நேத்து வந்தேன். ஒரு சர்ப்ரைஸ் குடுக்கலாம்னு சொல்லாம வந்தேன். கேட்டு பூட்டிக் கெடக்கு. பக்கத்து வீட்டுல கேட்டேன். உங்களப் பாத்தே வருசம் ரெண்டாவுதுங்கா. இங்க டவர் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. நீங்க எந்த வாசல்ல நிக்கிய?"

கோபமே இல்லாத குரல். வைதிருந்தால் பதிலுக்கு வைதிருக்கலாம். கிறிஸ்துதாஸ் வாயருகே கொண்டுபோன சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

அடுத்து வந்தது ஒரு போட்டோ. துருப்பிடித்த கேட், அதில் பெரிய பூட்டு, பூட்டுக்கு மேலே கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி ஷீல்டு. தன் பெட்டியின் எடையில் பாதியை அதற்குக் கொடுத்து, பிள்ளைகளுக்கு வாங்கியதைக் குறைத்து, அண்ணாச்சிக்கென்று சுமந்து வந்திருக்கிறான் மடையன். பொன்னெழுத்து வெயிலில் பளபளத்தது. அப்பாசியாவே படிக்கும்படி தெளிவாக எடுத்திருந்தான்.

குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள் என்று நீல டிக் காட்டியது. தலைவர் தான் ஆரம்பித்த குழுவைவிட்டு வெளியேறினார். இந்த முறை பொன்னாடையும் இல்லை, பிரியாணியும் இல்லை.

தங்கபுஷ்பம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். தன் போனிலிருந்து, காசு போனால் போகட்டும் என்று, பிரைட்டின் ஊர் நம்பருக்கு நேராகவே அடித்தாள். ஸ்பீக்கரைப் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"பிரைட்டு, தங்கபுஷ்பம் அக்கா பேசுதேன். நாங்க புஜைராவுல இருக்கோம் மக்கா. அன்னையிலருந்தே இங்கதான் இருக்கோம். எங்கள மன்னிச்சிரு."

கிறிஸ்துதாஸ் அரைக்கால் டவுசரில், சோற்றுக் கையோடு, வசவு விழட்டும் என்று குனிந்து காத்திருந்தார்.

"சரி அக்கா," என்றான் பிரைட். "அங்க ஏசி டெக்னீஷியனுக்கு ஏதாவது வேல இருக்குமா?"