வெயிலம்மாள் சொல்லாத பேர்

வெயிலம்மாளுக்குப் புருஷன் பேர் தெரியாதாம். ஓர் அதிகாரி ஊருக்கே வந்து விசாரித்து, முத்திரை குத்தி எழுதிக் கொடுத்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய மனுஷி, அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருத்தரோடு குடித்தனம் பண்ணியவள்! என்னத்தைச் சொல்ல?

அவள் புருஷன் மாரிச்சாமி பட்டாளத்துக்காரர். எழுபத்தொன்றாம் வருஷத்துச் சண்டையில் தொடையில் குண்டுச்சில்லு வாங்கிக்கொண்டு திரும்பியவர். போன ஐப்பசியில், உளுந்து விதைத்த கையோடு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் பென்ஷன் இனி பெண்டாட்டிக்கு வர வேண்டும். அங்கேதான் வந்தது வினை. எந்தக் காலத்திலோ எவனோ பட்டாளத்துக் காகிதத்தில் வெயிலம்மாளை வேலம்மாள் என்று எழுதித் தொலைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒருத்திதானா என்று உள்ளூரில் விசாரிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி வேப்பமரத்தடியில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். வெயிலம்மாள் கொடுத்த மோரைக் குடித்தார். பிறகு, "உன் புருஷன் பேரு என்ன?" என்றார். அவருக்கு அம்மா வயது அவளுக்கு.

கரிசல்காட்டில் அந்தத் தலைமுறைப் பெண்ணிடம் இதைக் கேட்டால் பதில் எப்படி வரும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"அவிய பேரா?" முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மழைக்கு இன்னொரு பேரு சொல்லுவாவல்லா சார், அதோட சாமியச் சேத்துக்கோங்க."

"என்ன, விடுகதை போடுதியா? பேரச் சொல்லு."

பக்கத்து வீட்டுப் பத்திரகாளி, "மாரிச்சாமி அண்ணாச்சி சார்!" என்று எடுத்துக் கொடுத்தாள்.

"நீ சும்மா இரு. அந்தம்மா வாயால சொல்லட்டும்."

அந்தம்மா சொல்லவில்லை. 'மனுதாரருக்குக் கணவர் பெயர் தெரியவில்லை. மனைவி என்பது சந்தேகத்திற்குரியது' என்று எழுதிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் மகராசன். குடித்த மோர் செரிக்குமா அவருக்கு?

ஒரு பேர்தானே, சொல்லிவிட்டுப் போகலாமே என்பீர்கள். கேளுங்கள். புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் முடிந்த சூட்டோடு சண்டை வந்தது. ஊரே ரேடியோப் பெட்டியைச் சுற்றி நின்றபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த வெயிலம்மாள் அந்தப் பேரை வாய்க்குள்ளேயே வைத்துப் பூட்டினாள். மாரியம்மன் என்றால் பாதிப் பேர் வெளியே வந்துவிடுமே என்று பயந்து, அம்மனைக்கூட 'ஆத்தா' என்றுதான் கும்பிட்டாள். அவர் எல்லையைக் காவல் காத்தார், இவள் தன் வாயைக் காவல் காத்தாள். அவர் உயிரோடு திரும்பியது அதனால்தான் என்று இன்றைக்கும் நம்புகிறாள். அந்த வாயைக் காட்டித்தான், நீ அவர் பெண்டாட்டியே இல்லை என்கிறார்கள். வயிறு எரியுமா எரியாதா?

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் மகள் முத்துசெல்வி லீவு போட்டுவிட்டு வந்து அம்மாவை அந்த அதிகாரியிடமே கூட்டிப் போனாள். பஸ்ஸில் போகும்போது வெயிலம்மாள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பணம் கெடக்கட்டும் ஏட்டி. அவியளுக்கு நான் யாருமே இல்லேன்னு எழுதிட்டாவளே."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "இப்பவாவது புருஷன் பேரு ஞாபகம் வந்துச்சா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள்.

முத்துசெல்வி அம்மாவின் கையைப் பிடித்தாள். "எம்மா, அப்பாவுக்கு இனிமே கொறையுததுக்கு ஆயுசு எங்க இருக்கு? சொல்லிரும்மா."

வெயிலம்மாள் மகளைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மாரிச்சாமீ!"

சொல்லவில்லை, கூப்பிட்டாள். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தம். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். வராந்தாவில் காத்திருந்த ஜனங்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு," என்று அதிகாரி பேனாவை எடுத்தார். "இதுக்குப் போயி இவ்வளவு..."

"இருங்க சார்."

வெயிலம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. அவள் திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

"நான் பேரச் சொல்லிக் கூப்பிட்டது மட்டும் காதுல விழுந்திருந்தா, என்னமோ ஏதோன்னு அந்தக் காலை இழுத்துக்கிட்டே ஓடி வந்திருப்பாவ. வரல, பாத்தீயளா? இப்ப எழுதுங்க, அவிய செத்துட்டாவன்னு. நான் அவிய பொண்டாட்டின்னும் எழுதுங்க."